வெளியுறவுக் கொள்கையை யார் தீர்மானிப்பது? ஈராக் போரை முன்வைத்து ஒரு விவாதம்

பொன்னி வளவன்

சென்ற வாரம் நம் இணைய மன்றத்தின் வேறொரு விவாத இழையில் நண்பர் முகில்வண்ணன், "கருத்துக்கணிப்பைப் பார்த்து வெளியுறவுக் கொள்கை வகுக்கும் நாடு உருப்படாது, அது வல்லுநர்களின் வேலை" என்று எழுதியிருந்தார். அங்கேயே பதில் சொன்னால் அந்த இழை திசை மாறிவிடும் என்பதால் இங்கே தனியாகத் தொடங்குகிறேன்.

அவருக்குப் பதில் சொல்ல எனக்கு ஈராக் ஒன்றே போதும். பேரழிவு ஆயுதம் வைத்திருக்கிறது என்று சொல்லி அமெரிக்காவும் பிரிட்டனும் 2003இல் அதன் மீது படையெடுத்தன. 2003 பிப்ரவரி 15 அன்று லண்டன், ரோம், மாட்ரிட், பெர்லின், சிட்னி என்று உலகம் முழுவதும் நூற்றுக்கணக்கான நகரங்களில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். லண்டனில் மட்டும் காவல் துறையின் கணக்கே ஏழரை லட்சம். ஸ்பெயினில் பத்துக்கு ஒன்பது பேர் போர் வேண்டாம் என்று கணிப்புகளில் சொன்னார்கள். பிரதமர் அஸ்னார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மார்ச் 18 அன்று பிரிட்டன் நாடாளுமன்றம் 412க்கு 149 என்று போருக்குச் சம்மதம் தந்தது. இரண்டே நாளில் பாக்தாத்தில் குண்டு விழுந்தது.

இருப்பதாகச் சொன்ன பேரழிவு ஆயுதங்கள் எங்கே? தேடப் போன குழுவின் தலைவர் டேவிட் கே, 2004 ஜனவரியில் அமெரிக்க செனட் குழுவின் முன் உட்கார்ந்து, நாங்கள் ஏறக்குறைய எல்லோருமே தவறாகக் கணித்துவிட்டோம் என்றார். அந்த "எல்லோரிலும்" தெருவில் நடந்தவர்கள் இல்லை. உளவுத்துறை, ஆய்வு மையம், அமைச்சரவை என்று எல்லா அறைகளிலும் படித்தவர்கள்தான் நிறைந்திருந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஈராக்கியப் பொதுமக்கள் செத்துப் போனார்கள். இதற்குப் பிறகும் "உங்களுக்கு என்ன தெரியும்" என்று எங்களைப் பார்த்துக் கேட்கும் உரிமை யாருக்கு இருக்கிறது?

முகில்வண்ணன்

எழுதியது நான்தான். இன்றும் அதில் நிற்கிறேன்.

வளவன், "மக்கள்" என்று நீங்கள் சொல்வது எந்த மக்களை? லண்டன் மக்களையும் மாட்ரிட் மக்களையும் சேர்த்துக்கொண்டீர்கள். போரைத் தொடங்கிய நாட்டின் மக்களை ஏன் விட்டுவிட்டீர்கள்? 2003 மார்ச்சில் அமெரிக்கர்களில் பத்தில் ஏழு பேர் அந்தப் போரை ஆதரித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ஒரு நாளிதழ்க் கணிப்பில், இரட்டைக் கோபுரத் தாக்குதலில் ஈராக் அதிபர் சதாம் உசேனுக்குத் தனிப்பட்ட பங்கு இருந்திருக்கலாம் என்று 69 சதவீதம் பேர் நம்பினார்கள். துளி ஆதாரம் கிடையாது. நீங்கள் முடிவெடுக்கும் பொறுப்பைக் கொடுக்கச் சொல்வது இந்தப் பொதுக்கருத்தின் கையில்தான்.

2014இல் ரஷ்யா கிரிமியாவைப் பிடித்தபோது அரசியல் ஆய்வாளர்கள் மூவர் 2,066 அமெரிக்கர்களிடம் உலக வரைபடத்தைக் காட்டி உக்ரைன் எங்கே என்று கேட்டார்கள். ஆறில் ஒருவர்தான் சரியாகத் தொட்டார். எவ்வளவுக்கெவ்வளவு தூரமாகத் தொட்டார்களோ அவ்வளவுக்கவ்வளவு "படை அனுப்பு" என்றார்கள். வெளிநாட்டு உதவிக்கு அரசு பட்ஜெட்டில் கால் பங்கு போகிறது என்பது அங்கே சராசரி மனிதரின் ஊகம். உண்மையில் போவது ஒரு சதவீதம் அளவுதான்.

இன்னொன்று. 1941 ஆகஸ்டில், ஹிட்லர் ஐரோப்பாவின் பாதியை விழுங்கியிருந்த நேரத்தில், கட்டாய ராணுவச் சேவையை நீட்டிக்கும் மசோதா அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 203க்கு 202 என்று ஒரே ஓட்டில் பிழைத்தது. உறுப்பினர்கள் தொகுதியின் மனநிலைக்குப் பயந்த பயம் அது. அதிபர் ரூஸ்வெல்ட் கருத்துக்கணிப்பின் பின்னால் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆதிரை

இரண்டு பேரும் ஒரே தவறான இடத்திலிருந்து தொடங்குகிறீர்கள். ஈராக் போர் வல்லுநர்களின் போர் என்று வளவன் ஐயா குற்றம் சாட்டுகிறார். அதை மறுக்காமல் முகில்வண்ணன் வேறு பக்கம் போகிறார். நான் மறுக்கிறேன். கல்லூரியில் பன்னாட்டு அரசியல் பாடம் நடத்துபவள் என்ற முறையில் இந்தப் பழி தொடர்ந்து எங்கள் தலையில் விழுவதைப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

2002 செப்டம்பர் 26 அன்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழில், பன்னாட்டு உறவுகள் துறை அறிஞர்கள் 33 பேர் பணம் கட்டி ஒரு விளம்பரம் வெளியிட்டார்கள். ஈராக்குடன் போர் அமெரிக்காவின் தேச நலனுக்கு உகந்ததல்ல என்பதுதான் தலைப்பு. கையெழுத்திட்டவர்களில் கென்னத் வால்ட்ஸ், ஜான் மியர்ஷைமர், ஸ்டீஃபன் வால்ட், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற தாமஸ் ஷெல்லிங் எல்லோரும் இருந்தார்கள். இவர்கள் அமைதி ஊர்வலத்தில் போகிறவர்கள் அல்லர். அதிகாரம், ஆயுதம், அச்சுறுத்தல் என்று வாழ்நாள் முழுவதும் கணக்குப் போட்டவர்கள். போரில் வெல்வது எளிது, வெளியே வருவதற்கு வழியில்லை என்று அப்போதே எச்சரித்தார்கள்.

அதற்கு முந்தைய மாதம், மூத்த புஷ்ஷின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த பிரென்ட் ஸ்கோகிராஃப்ட் வெளிப்படையாகக் கட்டுரை எழுதி வேண்டாம் என்றார். ராணுவத் தளபதி எரிக் ஷின்செகி, போருக்குப் பின் ஈராக்கை நிர்வகிக்கப் பல லட்சம் வீரர்கள் தேவைப்படலாம் என்று 2003 பிப்ரவரியில் செனட்டில் சொன்னார். பாதுகாப்புத் துறையின் துணைச் செயலர் பால் வுல்ஃபோவிட்ஸ் இரண்டே நாளில் அந்தக் கணக்கு அபத்தம் என்று தூக்கி எறிந்தார். வெளியுறவுத் துறை 17 பணிக்குழுக்களை அமைத்து, சதாமுக்குப் பிறகான ஈராக்கை எப்படி நடத்துவது என்று மாதக்கணக்கில் ஆராய்ந்து எழுதி வைத்தது. அதை ஓரங்கட்டிவிட்டு, 2003 மே மாதத்தில் ஈராக் ராணுவத்தை ஒரே ஆணையில் கலைத்தார்கள். துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த லட்சக்கணக்கானவர்கள் சம்பளமில்லாமல் தெருவுக்கு வந்தார்கள். கிளர்ச்சிக்கு ஆள் எங்கிருந்து வந்தது என்பதற்குத் தனி ஆராய்ச்சி தேவையில்லை.

வல்லுநர்கள் பேசினார்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

பொன்னி வளவன்

ஆதிரை அவர்களே, நீங்கள் சொன்ன பெயர்களையெல்லாம் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எதிர்ப்பக்கத்திலும் வல்லுநர்கள் இருந்தார்களே? தொலைக்காட்சியில் இரவு முழுக்க அம்புக்குறி போட்ட வரைபடங்களுக்கு முன்னால் உட்கார்ந்து போருக்கு வாதாடியவர்கள் யார், கடைக்காரர்களா? உங்கள் 33 பேரை நம்பி ஒதுங்குவதா, அந்த ஆய்வு மையக்காரர்களை நம்பிப் படை திரட்டுவதா என்று யார் சொல்வது?

ஃபிலிப் டெட்லாக் என்ற அமெரிக்க உளவியலாளர் 284 அரசியல், பொருளாதார வல்லுநர்களின் கணிப்புகளை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சேகரித்துச் சரிபார்த்தார். சராசரி வல்லுநர், குருட்டாம்போக்கில் ஊகிப்பதைவிடப் பெரிதாக மேலே போகவில்லை. ஊடகங்களில் அதிகம் தோன்றும் புகழ்பெற்றவர்கள் மற்றவர்களைவிட மோசமாகக் கணித்தார்கள் என்பது இன்னும் கவனிக்க வேண்டியது.

முகில்வண்ணன், 1941 பற்றி: போரில் நேரடியாக இறங்க அமெரிக்க மக்கள் தயங்கினார்கள், உண்மை. ஆனால் பிரிட்டனுக்கு உதவினால் போர் மூளும் ஆபத்து வந்தாலும் உதவத்தான் வேண்டும் என்று பெரும்பான்மையினர் அப்போதே கணிப்புகளில் சொன்னார்கள். இதை ரூஸ்வெல்ட் கவனமாகப் பார்த்துக்கொண்டுதான் ஆயுத உதவிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். மக்களை மீறிப் போகவில்லை, அவர்களோடு பேசிப் பேசி நகர்ந்தார். நீங்கள் கொண்டுவந்த உதாரணம் எனக்குத்தான் சாட்சி.

ஆதிரை

டெட்லாக்கைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அதே ஆய்வில் பல்கலைக்கழக மாணவர்களையும் கணிக்கச் சொன்னார். அவர்கள் வல்லுநர்களைவிட வெகு தூரம் பின்தங்கினார்கள். வல்லுநர் சறுக்குகிறார் என்பதால் விவரம் தெரியாதவர் நன்றாகக் கணிப்பார் என்று ஆகிவிடாது.

கடல்நாடன்

அந்த பிப்ரவரி 15 ஊர்வலத்தில் நானும் நடந்தேன். அப்போது லண்டனில் வேலை. கடும் குளிர். தேம்ஸ் கரையில் தொடங்கிய கூட்டத்தோடு ஹைட் பார்க் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. அரசியல் கட்சிக்காரர்களைவிட, வாழ்நாளில் முதல்முறையாகப் போராட்டத்துக்கு வந்தவர்கள்தான் எனக்கு முன்னும் பின்னும் நடந்தார்கள். பள்ளி ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற செவிலியர்கள், தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த தாய்மார்கள். என் பக்கத்தில் நடந்த முதியவரிடம், சதாமிடம் ஆயுதம் இல்லை என்று நினைக்கிறீர்களா என்று கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆய்வாளர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள் அல்லவா, முடிக்கட்டும்" என்றார்.

ஈராக்கில் ஆயுதம் தேடிய ஐ.நா. ஆய்வுக் குழுவின் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ், பாதுகாப்பு அவையிடம் கேட்டதும் அதைத்தான்: இன்னும் சில மாத அவகாசம். அந்த முதியவருக்கும் பிளிக்ஸுக்கும் இடையில் கருத்து வேறுபாடு இல்லை. வேறுபட்டது டவுனிங் தெரு, அதாவது பிரிட்டிஷ் பிரதமரின் அலுவலகம்.

உள்ளே இருந்தவர்களும் எதிர்த்தார்கள். நான்கு ஆண்டுகள் வெளியுறவு அமைச்சராக இருந்து எல்லா உளவு அறிக்கைகளையும் பார்த்துப் பழகிய ராபின் குக், மார்ச் 17 அன்று அமைச்சரவையிலிருந்து விலகினார். பொதுவாக நாம் புரிந்துகொள்ளும் பொருளில் ஈராக்கிடம் பேரழிவு ஆயுதம் அநேகமாக இல்லை என்று அன்றிரவே அவையில் சொன்னார். வெளியுறவு அலுவலகத்தின் துணைச் சட்ட ஆலோசகர் எலிசபெத் வில்ம்ஷர்ஸ்ட், இந்தப் போர் சட்டவிரோதம் என்று பதவியைத் துறந்தார். பிரிட்டன் இந்தப் போருக்குப் போனதை ஆராய்ந்து 2016இல் வந்த சில்காட் விசாரணை அறிக்கை 12 தொகுதிகள், 26 லட்சம் சொற்கள். அமைதி வழிகள் தீர்வதற்கு முன்பே போருக்குப் போனார்கள் என்று அது தீர்ப்புச் சொல்லும்போது போர் தொடங்கி 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. 179 பிரிட்டிஷ் வீரர்களின் குடும்பங்கள் அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருந்தன.

அதனால் "மக்களா வல்லுநர்களா" என்ற தலைப்பே எனக்கு ஒப்பவில்லை. அன்று இருவரும் ஒரே பக்கம் நின்றோம்.

செந்தாழை

கடல்நாடன் சொன்னதற்கு லண்டனைவிடத் தெளிவான சாட்சி துருக்கியின் தலைநகர் அங்காரா.

வடக்கிலிருந்து ஈராக்கைத் தாக்க 62,000 அமெரிக்க வீரர்களைத் தன் மண்ணில் இறக்க அனுமதிக்க வேண்டும் என்று துருக்கியிடம் கேட்டார்கள். கைம்மாறாகப் பெரும் நிதியுதவி பேசப்பட்டது. அப்போது துருக்கி பொருளாதார நெருக்கடியிலிருந்து எழுந்துகொண்டிருந்த நாடு, பணம் அவசரமாகத் தேவை. ஆளும் கட்சிக்கு அவையில் மூன்றில் இரண்டு பங்கு பலம். தீர்மானம் நிறைவேறும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். நான்காவது காலாட்படைப் பிரிவின் டாங்கிகளையும் வண்டிகளையும் ஏற்றிய கப்பல்கள் முப்பதுக்கும் மேல் மத்தியதரைக் கடலில் வந்து காத்திருந்தன.

2003 மார்ச் 1 அன்று ஓட்டெடுப்பு. அதே நாளில் அங்காராத் தெருக்களில் பல்லாயிரக்கணக்கானோர் திரண்டு போர் வேண்டாம் என்று முழங்கினார்கள். கதவை மூடிக்கொண்டு நடந்த அமர்வில் ஆதரவு 264, எதிர்ப்பு 250. நிறைவேறிவிட்டது என்றே முதலில் செய்தி பரவியது. பிறகுதான் எதிர்க்கட்சி அரசமைப்பைச் சுட்டிக்காட்டியது: நடுநிலை வகித்த 19 பேரையும் சேர்த்து அவையில் 533 பேர் இருந்தார்கள், பாதிக்கு மேல் வேண்டும், அதாவது 267. மூன்று ஓட்டு குறைவு. தீர்மானம் செல்லாது என்று அவைத்தலைவர் அறிவித்தார். ஆளும் கட்சியிலேயே நூறு பேரளவில் தலைமையின் சொல்லைத் தட்டியிருந்தார்கள். தொகுதிக்குத் திரும்பிப் போய் யார் முகத்தில் விழிப்பது என்ற கேள்வி அவர்களுக்கு இருந்தது.

கப்பல்கள் சூயஸ் கால்வாய் வழியாகக் குவைத்துக்குத் திரும்பிப் போயின. துருக்கியச் சிப்பாய் ஒருவன்கூட அந்தப் படையெடுப்பில் சாகவில்லை.

முகில்வண்ணன்

துருக்கிக் கதையைப் பாதியில் முடித்துவிட்டீர்கள், சகோதரி. பேசப்பட்ட உதவித் தொகுப்பு கைநழுவியது. வடக்கு ஈராக்கில் தன் சொல் எடுபட வேண்டும் என்பது துருக்கியின் பல ஆண்டுக் கவலை. அந்த இடத்தில் அங்கு வாழும் குர்து இனத்தின் தலைவர்கள் அமெரிக்காவின் நம்பிக்கைக்குரிய கூட்டாளிகள் ஆனார்கள். அங்காராவின் ராஜதந்திரிகள் பலர் பயந்தது இதற்குத்தான். உணர்ச்சி சரி, கணக்கு தவறு என்று அவர்கள் சொன்னால் நான் அவர்களை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன்.

நெதர்லாந்துக்கு வாருங்கள். உக்ரைனுடன் ஐரோப்பிய ஒன்றியம் செய்துகொண்ட உடன்படிக்கையை ஏற்கலாமா என்று 2016 ஏப்ரல் 6 அன்று அங்கே பொதுவாக்கெடுப்பு நடந்தது. முப்பது சதவீதம் பேர் வாக்களித்தால்தான் செல்லும் என்பது விதி. 32 சதவீதம் பேர் வந்தார்கள். அதில் 61 சதவீதம் வேண்டாம் என்றார்கள். ஆக, நாட்டின் வாக்காளர்களில் ஐந்தில் ஒருவர் சொல்லி, 28 நாடுகள் பேசி முடித்த ஒப்பந்தம் தொங்கலில் நின்றது. வாக்கெடுப்பைக் கேட்டு வாங்கியவர்களில் சிலர், உக்ரைனைப் பற்றி எங்களுக்கு அக்கறையில்லை, எங்கள் குறி ஐரோப்பிய ஒன்றியம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். ஆதரவாளர்களில் பலர், நாம் போகாவிட்டால் முப்பது சதவீதம் எட்டாது என்று கணக்குப் போட்டு வீட்டில் இருந்துவிட்டார்கள். ஒப்பந்தம் பற்றிய கேள்விக்கு வேறு எதற்கோ விடை வந்தது. அரசு ஐரோப்பிய ஒன்றியத்திடம் ஒரு விளக்கத் தீர்மானத்தை வாங்கிச் சேர்த்து அடுத்த ஆண்டு ஏற்பு கொடுத்தது. 2018இல் அந்தப் பொதுவாக்கெடுப்புச் சட்டத்தையே நீக்கிவிட்டது. இந்தக் கூத்துதான் மக்களாட்சியா?

பொன்னி வளவன்

நெதர்லாந்து அரசு வாக்கெடுப்பில் தோற்றதும் வாக்கெடுப்பையே ஒழித்தது. அதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். எனக்கு அது மக்கள் மீதான அச்சமாகத்தான் தெரிகிறது. சுவிட்சர்லாந்தைப் பாருங்கள். ஐ.நா.வில் சேரலாமா என்று 1986இல் மக்களிடம் கேட்டார்கள். முக்கால்வாசிப் பேர் மறுத்தார்கள். அரசு மக்களைத் திட்டிக்கொண்டிருக்கவில்லை. பதினாறு ஆண்டுகள் கழித்து 2002 மார்ச்சில் மறுபடி கேட்டது, 54.6 சதவீதம் ஆதரவு, சேர்ந்தார்கள். இப்போது அந்த முடிவை அங்கே பெரிதாக யாரும் கேள்வி கேட்பதில்லை, ஏனென்றால் அது அவர்களே எடுத்த முடிவு.

பின்லாந்து இன்னும் நல்ல உதாரணம். 2022 ஜனவரியில் பிரதமர் சன்னா மரின், தம் பதவிக்காலத்தில் மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோவில் சேர விண்ணப்பிப்பது மிகவும் அரிது என்று பேட்டி கொடுத்தார். பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. அதுவரை கால் பங்கு அளவில் கிடந்த நேட்டோ ஆதரவு சில நாள்களில் பாதியைத் தாண்டியது. மே மாதம் 76 சதவீதம். அரசியல்வாதிகள் தயங்கிக்கொண்டிருந்தபோது மக்கள் முடிவெடுத்துவிட்டார்கள். மே 17 அன்று நாடாளுமன்றத்தில் 188க்கு 8. 1,300 கிலோமீட்டருக்கு மேல் ரஷ்யாவோடு எல்லை கொண்ட மக்களுக்கு ஆபத்து எது என்று எந்த வல்லுநரும் வகுப்பெடுக்கத் தேவைப்படவில்லை.

ஆதிரை

பின்லாந்து மக்கள் மனம் மாறியது உண்மை. ஆனால் மனம் மாறினால் மட்டும் போதுமா? 1994 முதலே பின்லாந்து ராணுவம் நேட்டோவின் கூட்டுத் திட்டத்தில் சேர்ந்து, ஆயுதம், தகவல் தொடர்பு, பயிற்சி எல்லாவற்றையும் அதன் அளவுகோலுக்குக் கொண்டுவந்திருந்தது. படையெடுப்புக்கு இரண்டு மாதம் முன்பு, 2021 டிசம்பரில், 64 எஃப்-35 போர் விமானங்களை வாங்க முடிவு செய்திருந்தது. "வேண்டுமென்றால் சேரலாம்" என்ற கதவைத் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்று இருபது ஆண்டுகளுக்கு மேல் வற்புறுத்தியவர்கள் அங்குள்ள வெளியுறவு, பாதுகாப்பு வல்லுநர்கள். மக்கள் ஒப்பவில்லை என்பதால் அவர்கள் கதவைத் தாண்டவும் இல்லை. மக்கள் நேரத்தைச் சொன்னார்கள், வல்லுநர்கள் அதற்குத் தயாராக இருந்தார்கள். 2023 ஏப்ரல் 4 அன்று உறுப்பினர் ஆகிவிட்டார்கள். அவ்வளவு வேகம் சும்மா வரவில்லை.

தென்புலத்தார்

புதியவன், குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஈராக்கைப் பேசும்போது இந்தியாவை மறந்துவிட்டோம். 2003 கோடையில், வடக்கு ஈராக்கில் ஒழுங்கைக் காக்க ஒரு முழுப் படைப்பிரிவை, பதினேழாயிரம் வீரர்கள் அளவில், அனுப்புமாறு அமெரிக்கா இந்தியாவிடம் கேட்டது. டெல்லியின் பாதுகாப்பு விமர்சகர்கள் சிலர், வல்லரசோடு தோளுரசும் வாய்ப்பு இது, விடக்கூடாது என்று நாளிதழ்களில் எழுதினார்கள். ஆனால் ஏப்ரலிலேயே நாடாளுமன்றம் போரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டிருந்தது. எதிர்க்கட்சிகள் ஒரே குரலில் எதிர்த்தன. தேர்தல் தூரத்தில் இல்லை. ஜூலை 14 அன்று வாஜ்பாய் அரசு, ஐ.நா.வின் தெளிவான ஆணை இல்லாமல் அனுப்ப முடியாது என்று மறுத்துவிட்டது.

அடுத்த ஆண்டே மோசூலும் ஃபல்லூஜாவும் எப்படி எரிந்தன என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே நம் வீரர்கள் நின்றிருந்தால் எத்தனை ஊர்களுக்குச் சவப்பெட்டி வந்திருக்கும்? 1987இல் இலங்கைக்குப் படை அனுப்பும் முடிவை டெல்லியில் ஒரு சிலர் அவசரமாக எடுத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் திரும்பவில்லை. அங்கிருந்த தமிழர்கள் பட்ட பாடு தனி. 2003இல் "வேண்டாம்" என்ற முடிவுக்குப் பின்னால் அந்த நினைவும் இருந்தது என்றே நான் நம்புகிறேன்.

கடல்நாடன்

இலங்கை பற்றித் தனி இழை தொடங்குங்கள் ஐயா, நானும் வருகிறேன். இரண்டு வரியில் பேசி முடிக்கிற விஷயம் இல்லை அது.

செந்தாழை

முகில்வண்ணன் சொன்ன 69 சதவீதத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அமெரிக்க மக்கள் ஏன் அப்படி நம்பினார்கள்? தானாக முளைத்த நம்பிக்கையா அது?

அலுமினியக் குழாய்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஈராக் பல்லாயிரக்கணக்கில் வாங்க முயன்ற உறுதியான குழாய்கள். ஒரு தொகுதி 2001இல் ஜோர்டானில் பிடிபட்டது. அணுகுண்டுக்காக யுரேனியம் செறிவூட்டும் சுழலிக்கு என்றது அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. அமெரிக்காவிலேயே சுழலிகளைப் பற்றி நன்றாக அறிந்தவர்கள் எரிசக்தித் துறையின் விஞ்ஞானிகள். அவர்கள் குழாயை அளந்து பார்த்தார்கள். வெளி விட்டம் 81 மில்லிமீட்டர். ஈராக் ராணுவம் பல ஆண்டுகளாகத் தயாரித்துவந்த சிறு ராக்கெட்டின் விட்டமும் 81 மில்லிமீட்டர். சுழலிக்கு இது ஒத்துவராது, ராக்கெட்டுக்குத்தான் என்றார்கள். வெளியுறவுத் துறையின் உளவுப் பிரிவும் ஒப்புக்கொண்டது. இந்த மறுப்பு 2002 அக்டோபரில் தயாரான, சுமார் 90 பக்க ரகசிய உளவு மதிப்பீட்டுக்குள் இருந்தது. அதை முழுதாகப் படித்த செனட்டர்களை விரல்விட்டு எண்ணலாம். படித்தவர்களில் ஒருவர் உளவுக் குழுவின் தலைவர் பாப் கிரஹாம். அவர் போருக்கு எதிராக ஓட்டுப் போட்டார். போருக்கு அனுமதி தரும் தீர்மானம் செனட்டில் 77க்கு 23 என்று நிறைவேறியது.

பொதுமக்களுக்கு என்ன கொடுத்தார்கள்? அதே மதிப்பீட்டின் சுருக்க வடிவம். அதில் மறுத்த துறைகளின் பெயர் இல்லை. "நாங்கள் கருதுகிறோம்" என்று இருந்த இடங்களில் அந்தச் சொற்களை நீக்கி, நடந்த உண்மை போல எழுதியிருந்தார்கள். இதை 2004இல் செனட் உளவுக் குழுவின் அறிக்கையே பதிவு செய்திருக்கிறது. 2003 பிப்ரவரி 5 அன்று வெளியுறவுச் செயலர் கோலின் பாவல் ஐ.நா.வில், ஆந்த்ராக்ஸ் என்ற கிருமி ஆயுதத்துக்கு உதாரணமாக, வெள்ளைப் பொடி அடைத்த சிறு குப்பியைத் தூக்கிக் காட்டினார், பின்னால் சி.ஐ.ஏ. தலைவர் டெனட் உட்கார்ந்திருந்தார். வீட்டில் தொலைக்காட்சி பார்த்த மனிதர் நம்பாமல் என்ன செய்வார்?

வல்லுநர்களின் கருத்து வேறுபாட்டை மறைத்துவிட்டு, ஒரு பாதியை மட்டும் மக்களுக்கு ஊட்டினார்கள். பிறகு அதையே கணிப்பு எடுத்து, பாருங்கள், மக்களே கேட்கிறார்கள் என்றார்கள். இப்போது நீங்கள் அந்தக் கணிப்பைக் காட்டி மக்களை முட்டாள்கள் என்கிறீர்கள்.

முகில்வண்ணன்

முட்டாள்கள் என்று நான் சொல்லவில்லை. விவரம் தெரியாதவர்கள் என்றேன், தெரிந்துகொள்ள அவர்களுக்கு நேரமும் இல்லை. அரிசி விலையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் கவலையாக இருக்கிறவர் குழாயின் விட்டத்தை ஏன் படிக்க வேண்டும்?

நீங்கள் கேட்பது எல்லா உளவு மதிப்பீட்டையும் தெருவில் விரிக்க வேண்டும் என்பதுதானா? தகவல் கொடுத்தவன் தலை போய்விடும். ஒட்டுக்கேட்கும் வழி தெரிந்தால் அடுத்த நாள் அடைத்துவிடுவார்கள். ரகசியம் இல்லாமல் எந்த நாடும் வெளியுறவு நடத்தியதில்லை. நாம் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பதே அந்த 90 பக்கத்தை நமக்காகப் படிக்கத்தான். படிக்காமல் ஓட்டுப் போட்டவர்களைத் தண்டியுங்கள்; முறையை மாற்றச் சொல்லாதீர்கள்.

ஆதிரை

ரகசியம் பற்றி ஒன்று. குழாய்ச் செய்தியை வெளியே விட்டது யார்? 2002 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, பெயர் சொல்லாத அரசு அதிகாரிகளை மேற்கோள் காட்டி நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் குழாய் வந்தது. அன்று காலையே துணை அதிபர் செனியும் பாதுகாப்பு ஆலோசகர் காண்டலீசா ரைஸும் தொலைக்காட்சியில் அதே குழாயைப் பற்றிப் பேசினார்கள். சி.ஐ.ஏ.யின் வாதத்துக்கு ரகசியம் தடையாக இல்லை. எரிசக்தித் துறையின் மறுப்புக்கு மட்டும் அது தடையாக இருந்தது. பிற்பாடு வேறொரு நாளிதழ் அந்த மறுப்பைப் பற்றி எழுதியபோது அது உள்பக்கத்தில் வந்தது. விட்டம் 81 மில்லிமீட்டர் என்று சொன்னால் எந்த உளவாளியின் தலையும் போகாது. அது குழாயை அளந்து பார்த்தால் தெரிகிற விஷயம்.

நான் கேட்பது சிறியது. போருக்கு ஒப்புதல் கேட்டு ஓர் அரசு தன் வல்லுநர்களின் பெயரால் ஒரு கருத்தை மக்கள் முன் வைத்தால், அதே மேசையில் அதை மறுத்த வல்லுநர்களின் கருத்தையும் அதே நாளில் வைக்க வேண்டும். சட்டமாகவே வைக்க வேண்டும். ஆள் பெயரையும் இடத்தையும் மறைத்துக்கொள்ளட்டும். எந்தத் துறை ஏன் மறுக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. வளவன் ஐயா கேட்டாரே, எந்த வல்லுநரை நம்புவது என்று யார் சொல்வது என்று. இரண்டையும் பார்த்தால் மக்களே சொல்லிக்கொள்வார்கள். லண்டனில் நடந்த அந்த முதியவருக்கு 90 பக்கம் தேவைப்படவில்லை. ஆய்வாளர்கள் இன்னும் முடிக்கவில்லை என்ற ஒரு தகவல் போதுமானதாக இருந்தது.

பொன்னி வளவன்

இது போதாது என்பேன். காகிதத்தைக் காட்டிவிட்டு, பிறகு பிரிட்டிஷ் பிரதமர் பிளேயர் செய்தது போல நாடாளுமன்ற ஓட்டோடு மட்டும் படை அனுப்பினால் என்ன பயன்? பெரிய அளவில் படை அனுப்பும் முடிவு என்றால் மக்களின் நேரடி ஒப்புதல் வேண்டும்.

முகில்வண்ணன்

அதற்கு நான் ஒருபோதும் ஒப்ப மாட்டேன். எதிரி வாசலில் நிற்கும்போது வாக்குச்சாவடி திறக்க முடியாது. நாடாளுமன்றத்தின் ஓட்டு போதும், துருக்கியில் அதுதான் வேலை செய்தது. மறுத்த துறைகளின் கருத்தை ஓட்டுக்கு முன்பே வெளியிட வேண்டும் என்ற ஆதிரையின் விதியோடு எனக்குச் சண்டையில்லை, ஒரு திருத்தத்தோடு: எதை மறைக்கலாம் என்று முடிவு செய்பவர் போர் கேட்கும் அமைச்சராக இருக்கக் கூடாது. நீதிபதி ஒருவராக இருக்கட்டும்.

ஆதிரை

நீதிபதிக்கு எத்தனை நாள் அவகாசம்? காலக்கெடு வைக்காவிட்டால், 2009இல் தொடங்கிய சில்காட் விசாரணை போல ஏழு ஆண்டு ஆகும்.